பூட்டிய அறை வேண்டாம், சிகிச்சை இல்லம் வேண்டும்!



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நமது சங்கத்தின் பெயரால் ஒரு கொடுமை நடந்தது. அதை மூடி மறைத்துவிட்டு அரசைப் பார்த்து விரல் நீட்டும் உரிமை நமக்கு இல்லை. ஆகவே முதலில் நம் குற்றத்தை எழுதிவிட்டுப் பிறகு மற்றவர் குற்றத்துக்கு வருகிறோம்.

போர்ட் பிளேயரில் ஒரு கொத்தனார். இருபது ஆண்டுகளாக இத்தீவில் செங்கல் அடுக்கியவர். காலையில் கை நடுக்கம் தீரக் கால் பாட்டில் ஊற்றாமல் கரண்டியைத் தொட முடியாத நிலைக்கு வந்திருந்தார். அவருடைய மனைவி சங்க அலுவலகத்துக்கு வந்தார். "அண்ணே, நீங்க நாலு பேரு வந்து சொன்னாத்தான் கேப்பாரு. எங்களைக் காப்பாத்துங்க" என்றார். நாம் நாலு பேர் போனோம். திட்டினோம். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினோம். பிறகு, "ஒரு வாரம் அறையில் போட்டுப் பூட்டுங்கள், ஒரு சொட்டுக் கொடுக்காதீர்கள், தானாகத் தெளிந்துவிடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தோம்.

முதல் நாள் மாலை உடம்பெல்லாம் நடுங்கியது; வேர்த்துக் கொட்டியது. "நடிக்கிறான்" என்றோம். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார்; செத்துப்போன தாயோடு பேசினார். நாலாம் நாள் விடியலில் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியபோது உயிர் இல்லை.

"சாராயம் கொன்றுவிட்டது" என்று ஊர் பேசியது. சாராயம் பாதி கொன்றது. மீதியைக் கொன்றது நமது அறியாமை.

நோய் என்று ஒப்புக்கொள்ளுங்கள்

நமக்கு அன்று தெரியாததை இன்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவனுடைய மூளை, மதுவின் அமுக்கத்தை எதிர்த்து வேலை செய்யப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அமுக்கிய கை விலகிய சுருள்கம்பி போல் நரம்புகள் துள்ளுகின்றன. நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வேர்வையும் வருகின்றன. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரைக்குள் சித்தப்பிரமை வரலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், இதயம் தாறுமாறாக ஓடும். மருத்துவம் இல்லாவிட்டால் உயிர் போகும்.

இதைத் தடுக்க முடியும். டயாசிபாம், குளோர்டயாசிபாக்சைடு போன்ற மருந்துகளை முதலில் போதிய அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துகிறார்கள். தயாமின் என்ற பி-1 வைட்டமினை ஊசியாகப் போடுகிறார்கள். அது இல்லாமல் மூளை நிரந்தரமாகக் கெட்டு நினைவு போன குடிகாரர்கள் உண்டு. விலையுயர்ந்த வைத்தியம் எதுவும் இதில் இல்லை. தெரிந்த மருத்துவரும், இரவெல்லாம் விழித்துப் பார்க்கும் ஒரு செவிலியரும், ஒரு படுக்கையும் வேண்டும். அந்தக் கொத்தனாருக்குக் கிடைக்காதவை இவைதாம்.

எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது? 2019-இல் ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வைப் பாருங்கள். எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு அது. மதுவுக்கு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையிலோ இல்லத்திலோ தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மிச்சம் 179 பேரும் எங்கே போனார்கள்? பூட்டிய அறைக்கும், காவல் நிலையத்துக்கும், மந்திரிப்பவரிடமும், சுடுகாட்டுக்கும் போனார்கள்.

விற்பவர் யார்?

"குடிக்காதே" என்று ஏழைக்குப் புத்தி சொல்பவர்கள் பலர். "விற்காதே" என்று சொல்பவர் யார்?

தமிழ்நாட்டில் 1983-இல் டாஸ்மாக் பிறந்தது; 2003-இல் சில்லறைக் கடையும் அரசின் கைக்கே வந்தது. இத்தீவுகளில் 1988-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான அனிட்கோவின் வணிகங்களில் மதுவும் ஒன்று. அதாவது, மெயின்லேண்டிலும் சரி, தீவிலும் சரி, கல்லாவில் உட்கார்ந்திருப்பது அரசு. மது அருந்துவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, சட்டப் புத்தகத்தில் தூங்குகிறது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குடிக்கும் ஆண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நமது தீவுகளிலோ மூன்றில் ஒருவருக்கும் மேல். நாம் மட்டும் பிறவியிலேயே கெட்டவர்களா? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தகரக் கொட்டகையில் எட்டுப் பேராகப் படுப்பவன் நாம். மரம் அறுத்து, சாலை போட்டு, கல் சுமந்து, மாலையானால் உடம்பு வலிக்கு வேறு மருந்து அறியாதவன் நாம். கூலியில் பாதியைப் பாட்டிலாகக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் கான்டிராக்டர்களையும், தேர்தலுக்குத் தேர்தல் பெட்டி பெட்டியாக இறக்கும் கட்சிக்காரர்களையும் நாம் அறிவோம். அவர்களில் தமிழர்களும் உண்டு. நம் மொழி பேசுகிறார்கள் என்பதால் அவர்களை மன்னிக்க மாட்டோம்.

இத்தீவின் வரலாற்றிலும் மது கறை படிந்த பொருள். பிரிட்டிஷார் பெரிய அந்தமானியரைப் பழக்கப்படுத்தப் புகையிலையும் மதுவும் கொடுத்தார்கள்; நோயையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த இனம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. 2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானின் டுகோங் கிரீக்கில், கரை ஒதுங்கிய ஒரு கொள்கலனில் இருந்த நச்சுத் திரவத்தை மது என்று நினைத்துக் குடித்த ஓங்கே ஆண்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். மொத்தமே நூறு பேர் அளவில் இருக்கும் இனத்தில் எட்டுப் பேர்! வெளியார் கொண்டுவந்த ஆசைக்கு இந்த மண்ணின் மக்கள் கொடுத்த விலை இது. வெளியிலிருந்து வந்து குடியேறிய நாமும் இதை நினைத்துத் தலைகுனிய வேண்டும்.

இப்போது கடல் வழியே புதிய ஆபத்து. 2019-இல் கார் நிக்கோபார் அருகே 1,160 கிலோ கெட்டமைன் பிடிபட்டது. 2024 நவம்பரில் பாரன் தீவு அருகே மியன்மர்க்காரர்களின் படகிலிருந்து சுமார் 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைனைக் கடலோரக் காவல்படை கைப்பற்றியது. பிடித்ததைப் பாராட்டுகிறோம். பிடிபடாததற்கு யார் கணக்கு வைப்பது? அந்தத் தூளில் ஒரு பொட்டலம் நம் வீட்டுப் பையன் கைக்கு வந்துவிட்டால் அவனை எங்கே கூட்டிப் போவது? 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்து தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையை வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சைக்கு இடமே எட்டாத ஊரில் அந்தப் பாதுகாப்பால் யாருக்குப் பயன்?

அங்கே என்ன நடக்கிறது?

"பத்து நாள் மருந்து கொடுத்தால் போதாதா? ஒரு மாதம் எதற்குத் தங்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பத்து நாளில் உடம்பு தெளிகிறது. குடியை நினைக்கும் மனம் அப்படியே இருக்கிறது. நோயின் பெரும்பகுதி இனிமேல்தான் வைத்தியத்துக்கு வருகிறது.

ஒழுங்கான இல்லத்தில் நாள் முழுவதும் நேரக் கணக்குப்படி ஓடுகிறது. காலை எழுவது, குளிப்பது, மூன்று வேளை சாப்பிடுவது என்ற பழைய மனித வழக்கங்கள் திரும்புகின்றன. நோயைப் பற்றி வகுப்பு நடக்கிறது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, வீட்டில் அடித்ததை, தாலியை அடகு வைத்ததை, வேலை போனதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். "என்னைப் போல் எவனும் கெட்டதில்லை" என்றிருந்தவன், தன் கதையையே பக்கத்தில் இருப்பவன் சொல்லக் கேட்கிறான். ஆலோசகர் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து, எந்த வேளையில் கால் கடைப்பக்கம் திரும்புகிறது என்று கணக்கெடுக்கிறார்: கூலி வாங்கும் நாளா, வீட்டில் சண்டையா, ஊரிலிருந்து கப்பல் வந்த நாளா, பழைய கூட்டாளியா? அந்த வேளைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே பழக்குகிறார்கள்.

மனைவிக்கும் தாய்க்கும் தனி வகுப்பு உண்டு. பல ஆண்டு அடியும் அவமானமும் பட்டவர்களுக்கும் வைத்தியம் வேண்டாமா? கடனை அடைத்து, முதலாளியிடம் பொய் சொல்லி, வாந்தியைக் கழுவி, நோயை மறைத்தே வளர்த்துவிட்டோம் என்பதை அவர்கள் அங்கேதான் முதன்முதலில் உணர்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஓராண்டு, ஈராண்டு தொடர்ந்து வந்து பார்க்கச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் டைசல்பிராம், நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை, அவரவர் அறிந்து ஒப்பிய பிறகு கொடுக்கிறார்கள்.

அறிந்து ஒப்பிய பிறகு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்! "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரொட்டி ஒட்டிப் பொடி விற்கிறார்கள். சாம்பாரில் கலந்து கொடுக்கும் அந்தப் பொடியில் டைசல்பிராம் போன்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவன் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தாய்மார்களே, அந்தப் பொடியை வாங்காதீர்கள்.

பணக்கார வீட்டிலும் செத்தார்கள்

இந்த வைத்தியம் தமிழ் மண்ணில் எப்படி வேரூன்றியது என்பதைச் சொல்ல வேண்டும். நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் 1979-இல் குடிநோயால் இறந்தார். பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, ஆனால் உள்ளூரில் தகுந்த சிகிச்சை இடம் இல்லை. அவருடைய இளம் மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் பயிற்சி பெற்று, 1980-இல் கணவர் பெயரால் சென்னையில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு பக்கம் டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்த இடம் அதுதான். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது, 1999-இல் ஐ.நா.வின் வியன்னா குடிமைச் சமூக விருது வந்தது.

விருதுகளை விட நாம் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1989-இல் அந்த அறக்கட்டளை தஞ்சைப் பகுதியில் உள்ள மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய் முகாம் போட்டது. பெரிய கட்டிடம் இல்லை. ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள். யார் யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்று ஊர்க்காரர்களே கண்டறிந்தார்கள். பதினைந்து நாள் தங்கல்; மருந்து, வகுப்பு, குழுப் பேச்சு, குடும்பத்தாருக்கு ஆலோசனை. முகாம் முடிந்தபின்னும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். விவசாயக் கூலிக்கு மாதக் கணக்கில் சென்னையில் தங்க வழியில்லை என்பதை உணர்ந்து, சிகிச்சை அவனைத் தேடி நடந்து போனது.

மஞ்சக்குடிக்குப் போன சிகிச்சை மாயாபந்தருக்கு வரக்கூடாதா? திக்லிப்பூருக்கு, ரங்கத்துக்கு, ஹட் பேக்கு வரக்கூடாதா? 1964 ஒப்பந்தத்தின் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட நம் மக்கள் ரப்பர் பால் வெட்டிய கச்சால் தீவுக்கு, 2004 ஆழிப்பேரலை சூறையாடிய அந்தத் தீவுக்கு, வரக்கூடாதா?

"சென்னைக்குப் போகட்டும்"

"சென்னைக்குக் கூட்டிப் போங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் மூன்று நாள். விமானம் ஏறத் தினக்கூலி மஸ்தூருக்கு வக்கில்லை. குடிநிறுத்த வலிப்பு வரும் முதல் மூன்று நாளை நடுக்கடலில் கழிப்பதா? மனைவி பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு உடன் போவதா? போனால் அந்த மாத அடுப்பு எப்படி எரியும்?

இவ்வளவையும் தாண்டிப் போய்த் தெளிந்து வருகிறான் என்றே வைத்துக்கொள்வோம். கப்பலிலிருந்து இறங்கி அதே ஹேடோவுக்கு, அதே ஜங்கிலிகாட்டுக்கு, அதே கூட்டாளிகளிடம் திரும்புகிறான். அவனுடைய ஆலோசகர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வழியில்லை. குடும்பமும் தொடர் கவனிப்பும்தான் இந்த வைத்தியத்தின் இரண்டு கால்கள். சென்னைக்கு அனுப்புவது இரண்டையும் வெட்டிவிட்டு "நட" என்று சொல்வதாகும். ஆகவே இல்லம் தீவிலேயே வேண்டும். நோயாளி பேசும் மொழியிலும் வேண்டும். மனைவியை அடித்த குற்ற உணர்ச்சியை அரைகுறை இந்தியில் சொல்லி அழ எவனால் முடியும்? மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழர். வங்காளிகளும் தெலுங்கரும் நிக்கோபாரிகளும் அவரவர் மொழியில் அழும் உரிமை உடையவர்களே.

எதிர்ப்பவர்களுக்கு

"ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவனே மறுபடி குடிக்கிறான், எதற்கு இந்தச் செலவு?" என்கிறார்கள். ஆம், பலர் மறுபடி விழுகிறார்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனம் 40 முதல் 60 விழுக்காடு என்று கணக்குச் சொல்கிறது. அதே நிறுவனம், இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கும் நோய் ஏறத்தாழ அதே அளவில் திரும்புகிறது என்றும் சொல்கிறது. இரத்த அழுத்தம் மறுபடி ஏறியவரை மருத்துவர் வெளியே துரத்துகிறாரா? மருந்தை மாற்றிக் கொடுக்கிறார். குடிநோயாளிக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

எல்லோருக்கும் இல்லம் தேவை என்று நாம் சொல்லவில்லை. தொடக்க நிலையில் உள்ளவர் வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் வந்து போய்க் குணமடையலாம். வலிப்பு வந்தவர், கல்லீரல் கெட்டவர், மனம் கலங்கியவர், பலமுறை முயன்று தோற்றவர், சுற்றிலும் குடியே சூழ்ந்த கொட்டகையில் இருப்பவர்: இவர்களுக்குத் தங்கும் சிகிச்சை இல்லாமல் வழியில்லை.

இன்னோர் எச்சரிக்கை. "மறுவாழ்வு மையம்" என்று பலகை மாட்டிவிட்டு, ஆளை இரவோடு இரவாகத் தூக்கிப் போய், அடித்து, பட்டினி போட்டு, வீட்டாரிடம் மாதப் பணம் கறக்கும் கொட்டடிகளும் மெயின்லேண்டில் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்ததை மறக்க முடியுமா? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, குடியாலும் போதையாலும் வரும் மனநோயையும் தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. சங்கிலியைத் தடை செய்கிறது. பதிவு இல்லாத இடம் நடத்தக்கூடாது என்கிறது. 1858 முதல் மனிதரைக் கொண்டுவந்து அடைத்த தீவு இது. செல்லுலார் சிறையின் நிழலில் இன்னொரு கொட்டடி கட்ட நாம் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தும் நோயாளி தானே தங்க விரும்பும் வீட்டைக் கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள்

1. தெற்கு அந்தமான், வடக்கு–மத்திய அந்தமான், நிக்கோபார் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தங்கிச் சிகிச்சை பெறும் படுக்கைகள் வேண்டும். எங்கே எத்தனை படுக்கை, எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

2. தொலைவுத் தீவுகளில் மஞ்சக்குடி முறையில் ஆண்டுதோறும் முகாம் நடத்த வேண்டும்.

3. மது விற்பனையில் வரும் பணத்தில் ஒரு பங்கைச் சட்டப்படி சிகிச்சைக்கு ஒதுக்க வேண்டும்.

4. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி பேசும் ஆலோசகர்களை நியமிக்க வேண்டும். பெண் நோயாளிகளுக்குத் தனி இடம் வேண்டும்.

5. சிகிச்சையில் இருக்கும் மஸ்தூருக்கு வேலை போகக்கூடாது. அந்த நாள்களுக்கு அரைக்கூலியாவது கொடுக்க வேண்டும்.

நமது கடமைகள்

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்க மாட்டோம். இனி நமது சங்கத்தைச் சேர்ந்த எவரும் எந்தக் குடிநோயாளியையும் பூட்டி வைக்கச் சொல்லக்கூடாது. நாள்தோறும் குடிப்பவர் நிறுத்த விரும்பினால், எந்த இரவானாலும் மருத்துவமனைக்கு உடன் போக ஒவ்வொரு கிளையிலும் இருவர் முறை வைத்துக்கொள்ள வேண்டும். 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். குடியை விட்டவர்கள் வாரம் ஒரு மாலை கூடிப் பேசச் சங்கக் கூடத்தைத் திறந்து வைக்கிறோம். பொங்கல் விழாவிலும், மே நாள் விருந்திலும், கல்யாண வரவேற்பிலும் பாட்டில் எடுப்பவர் எவராயினும், பொறுப்பாளராயினும், வெளியேற்றப்படுவார். குடியை விட்டு வந்தவனை "என்னப்பா, எத்தனை நாளைக்கு?" என்று கிண்டல் செய்பவனும் நமக்கு எதிரியே.

அந்தக் கொத்தனாரின் மனைவி இப்போது நம் அலுவலகப் பக்கம் வருவதில்லை. வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். குனிய வேண்டிய தலை அவருடையதல்ல, நம்முடையது. அடுத்து ஒரு பெண் நம் படியேறி வந்து "அண்ணே" என்று அழைக்கும்போது, அவள் கணவனைச் சேர்க்க ஒரு படுக்கை இத்தீவில் தயாராக இருக்க வேண்டும். அதுவரை எழுதுவோம், கூடுவோம், நிர்வாகத்தின் கதவைத் தட்டுவோம்!